பூட்டிய கதவும் சுவரில் தொங்கும் சான்றிதழும்

பராமரிப்பு இல்லம் ஒன்றில் கொடுமை நடந்தது வெளிப்படும் போதெல்லாம் மூன்று வாக்கியங்கள் தவறாமல் ஒலிக்கின்றன. 'இது ஒரு சில தீயவர்களின் செயல்' என்பது முதலாவது. 'இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டோம்' என்பது இரண்டாவது. 'இனி இவ்வாறு நிகழ இடங்கொடோம்' என்பது மூன்றாவது. அமைச்சர் சொல்வார், அதிகாரி சொல்வார், இல்லத்தை நடத்திய நிறுவனமும் சொல்லும். பிரிட்டனில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இந்த மூன்று வாக்கியங்களும் பொருள் மாறாமல் சொல்லப்பட்டு வருகின்றன.

இம்மூன்றும் உண்மைக்குப் புறம்பானவை என்பதே நமது வாதம். தீயவர் சிலர் எங்கும் உண்டு. ஆனால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் அச்சமின்றித் தீமை செய்வதற்கு ஏற்ற இடத்தை அமைத்துக் கொடுப்பவர்கள் வேறு. பாடம் கற்றவர்கள் அதே பாடத்தை மறுபடியும் மறுபடியும் எழுதிக் கொண்டிருக்க மாட்டார்கள். இடங்கொடோம் என்றவர்கள்தாம் பணமும் கொடுத்து, இடமும் கொடுத்து, அதன் வாயிலில் அங்கீகாரச் சான்றிதழையும் மாட்டிவிட்டுப் போனவர்கள்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். அறிவுசார் குறைபாடு உடையவர்களைப் பற்றிப் பேசுகிறோம். முன்னாளில் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்ற சொல் வழங்கிற்று. பிறவியிலோ இளமையிலோ தோன்றி வாழ்நாள் முழுதும் நீடிக்கும் நிலை இது. கற்பதற்கும், புரிந்துகொள்வதற்கும், அன்றாட வாழ்வைத் தாமே நடத்திக்கொள்வதற்கும் இவர்களுக்குப் பிறர் துணை வேண்டும். சிலருக்குச் சிறிதளவு, சிலருக்கு இரவும் பகலும். இது மனநோய் அன்று. மருந்து கொடுத்துக் குணமாக்க வேண்டிய பிணியும் அன்று.

இவர்கள் குழந்தைகளாக இருக்கும்போது இரக்கம் காட்ட உலகம் முன்வருகிறது. பள்ளி திறக்கிறோம், பரிசு வழங்குகிறோம், புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். குழந்தைக்கு முப்பது வயது ஆகிறது, நாற்பது ஆகிறது. தாய்க்கு எழுபது. 'எனக்குப் பின் இவனுக்கு யார்?' என்று அந்தத் தாய் கேட்கும் கேள்விக்கு உலகம் ஒரு கட்டடத்தைக் காட்டுகிறது. அந்தக் கட்டடத்திற்குள் என்ன நடக்கிறது என்பதே இங்கே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்குப் பிரிட்டனைச் சான்றாகக் கொள்வதற்குக் காரணம், கொடுமையில் அந்நாடு பிற நாடுகளை விஞ்சிவிட்டது என்பது அன்று. அங்கே விசாரணை நடத்துகிறார்கள். நடத்தியதை அச்சிட்டு வெளியிடுகிறார்கள். எனவே அங்கு நடந்தது ஏட்டில் இருக்கிறது. ஏடே இல்லாத நாடுகள், தம்மிடம் குற்றமே இல்லை என்று மகிழ்ந்துகொள்ள வேண்டா.

விண்டர்போர்ன் வியூ

பிரிஸ்டல் நகரின் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற பெயரில் 24 படுக்கைகள் கொண்ட தனியார் நிலையம் ஒன்று 2006ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் அது மருத்துவமனை. அறிவுசார் குறைபாடு உடையவர்களைச் சிறிது காலம் வைத்திருந்து, நிலையறிந்து, சிகிச்சையளித்துத் திருப்பி அனுப்புவதற்கென ஏற்பட்டது. நடைமுறையில் அவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தனர். ஒருவருக்கு ஒரு வாரத்திற்குச் சராசரியாக 3,500 பவுன் அரசுப் பணத்திலிருந்து கட்டணமாகக் கொடுக்கப்பட்டது. வறுமையினால் வந்த குறை என்று எவரும் வாய் திறக்க வழியில்லை.

அங்கே பணியாற்றிய முதுநிலைச் செவிலியர் டெர்ரி பிரையன் என்பவர் 2010ஆம் ஆண்டு அக்டோபரில் தாம் கண்ட கொடுமைகளை நிர்வாகத்திற்கு எழுதினார். பராமரிப்பின் தரத்தைக் கண்காணிப்பதற்கென்றே நாடு நிறுவிய ஆணையத்திற்கும் தெரிவித்தார். ஆணையம் அசையவில்லை. பின்னர் அவர் பிபிசி தொலைக்காட்சியை நாடினார். அதன் செய்தியாளர் ஒருவர் உதவிப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்து, உடையில் மறைத்த கருவியால் ஐந்து வாரங்கள் படமெடுத்தார். 2011 மே 31 அன்று 'பனோரமா' நிகழ்ச்சியில் அதை நாடே கண்டது. அடித்தனர், தலைமுடியைப் பற்றி இழுத்தனர், நாற்காலியின் கீழே மிதித்து அழுத்தினர், உடையோடு குளிர்நீரில் நனைத்துக் கடுங்குளிரில் வெளியே கிடத்தினர். கெஞ்சியவர்களைப் பார்த்துச் சிரித்தனர்.

அடுத்த மாதமே நிலையம் மூடப்பட்டது. 2012 அக்டோபரில் பதினொரு பணியாளர் தண்டனை பெற்றனர். அவர்களுள் அறுவர் சிறை சென்றனர். 'ஒரு சில தீயவர்' என்ற முதல் வாக்கியம் இத்துடன் மெய்யாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் மார்கரெட் ஃப்ளின் அம்மையார் 2012 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வறிக்கையை வாசிப்பவர்கள் அவ்வாறு நினைக்க மாட்டார்கள்.

2008 முதல் 2011 வரையிலான காலத்தில் அந்த நிலையவாசிகள் பலமுறை மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். காவல்துறையின் காதுக்கு 29 முறை செய்தி எட்டியிருந்தது. உள்ளாட்சி மன்றத்திற்கு 40 எச்சரிக்கைகள் வந்திருந்தன. பதினைந்து மாதக் காலத்திற்குள் 500க்கு மேற்பட்ட முறை அவர்களைப் பிடித்து அழுத்தி அடக்கியதாக நிலையத்தின் பதிவேடே சொல்லிற்று. இத்தனையும் தனித்தனியே பதிவாயின, தனித்தனியே மூடப்பட்டன. மருத்துவர் காயத்தைக் கண்டார், காரணத்தைக் கேட்கவில்லை. காவலர் வந்தார், பணியாளர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். பணம் கொடுத்த அலுவலகம் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது. பதினொருவர் அடித்தனர் என்பது உண்மை. அவர்கள் அடிப்பதற்குத் தடையேதும் இல்லாமற் செய்தவர்களின் தொகையை எந்த நீதிமன்றம் எண்ணியது?

இன்னும் ஒரு செய்தி அந்த ஆய்வில் வெளிப்பட்டது. எல்லாவற்றினும் நாம் மனத்திற் கொள்ளவேண்டியது அதுவே. அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், குடும்பத்தார் வாழும் இடத்திலிருந்து 40 மைலுக்கு அப்பால் கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தனர். பார்க்க வந்த பெற்றோரும் உற்றாரும் மேல்மாடிக் கூடங்களுக்கோ படுக்கை அறைகளுக்கோ செல்ல அனுமதிக்கப்படவில்லை. மகன் உறங்கும் கட்டிலைக் காணத் தாய்க்கு அனுமதியில்லை! இந்த விதியை வகுத்தவன் எவன் என்று தேடினால் ஒரு கொடியவனும் அகப்பட மாட்டான். அது 'நடைமுறை'. கொடியவர்கள் வந்து குடியேறியதெல்லாம் இந்த நடைமுறை கட்டிவைத்த வீட்டில்தான்.

பழைய பாடம்

'பாடம் கற்றுக்கொண்டோம்' என்ற இரண்டாம் வாக்கியத்திற்கு வருவோம்.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஈலி என்றொரு மருத்துவமனை இருந்தது. நூற்றுக்கணக்கானோர் வாழ்நாள் முழுதும் அங்கேயே அடைபட்டுக் கிடந்தனர். 1967ஆம் ஆண்டு அங்கே பணிபுரிந்த ஓர் உதவிச் செவிலியர் செய்தித்தாள் ஒன்றுக்கு எழுதினார். வதைத்தல், நோயாளிகளுக்குரிய உணவையும் உடையையும் களவாடுதல், முறையிட்டவர்களைப் பகைத்தல் ஆகியவை அவர் சொன்ன குற்றங்கள். பிற்காலத்தில் பிரிட்டனின் நிதியமைச்சராக விளங்கிய ஜெஃப்ரி ஹவ் தலைமையில் விசாரணை நடந்தது. அதன் அறிக்கையை 1969 மார்ச்சில் அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் முழுமையாக வெளியிட்டார். குற்றச்சாட்டுகளில் பலவும் உண்மை என்று அறிக்கை கூறிற்று. மருத்துவமனைகளைச் சென்று பார்ப்பதற்கென்று தனி அமைப்பு ஒன்று அவ்வாண்டே தோன்றிற்று. 1971இல் அரசு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. இப்பெரிய மருத்துவமனைகளின் இடங்களை இருபது ஆண்டுகளில் பாதியாகக் குறைத்து, மக்களிடையே வாழ வழிசெய்வோம் என்றது.

ஈலியையும் விண்டர்போர்னையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள். முன்னதில் கீழ்நிலைப் பணியாளர் ஒருவர் செய்தித்தாளுக்கு எழுதினார். பின்னதில் செவிலியர் ஒருவர் தொலைக்காட்சியிடம் சென்றார். இரண்டிலும் உள்ளிருந்தவர் சொல்லை மேலிருந்தவர் கேட்கவில்லை. இரண்டிலும் கண்காணிக்க வேண்டியவர் காணாததை வழிப்போக்கர் கண்டார்.

மூன்றாவதும் உண்டு. டர்ஹாம் மாவட்டத்து வோர்ல்ட்டன் ஹால் நிலையத்தில் நடந்தவற்றை அதே 'பனோரமா' 2019 மே மாதம் ஒளிபரப்பிற்று. அதே முறையில், மறைத்து வைத்த கருவியால். அந்த நிலையத்துக்குக் கண்காணிப்பு ஆணையம் 2017இல் கொடுத்திருந்த மதிப்பு என்ன தெரியுமா? 'நன்று'! அதற்கு முன்னரே, 2015இல், ஆணையத்தின் ஆய்வாளர் ஒருவர் நேரிற் சென்று குறைகளைக் கண்டு அறிக்கை எழுதியிருந்தார். அந்த அறிக்கை வெளியிடப்படவே இல்லை. அவ்வாறு வெளியிடாமல் விட்டது தவறு என்று பின்னர் நடந்த தனி ஆய்வு தீர்ப்புச் சொன்னது. நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர். 2024 ஜனவரியில் தண்டனை விதிக்கப்பட்டபோது ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

நார்ஃபோக் மாவட்டத்தில் காஸ்டன் பார்க் என்ற தனியார் மருத்துவமனையில் 2018க்கும் 2020க்கும் இடையே, முப்பது வயதுகளில் இருந்த மூவர் இறந்தனர். அதைப் பற்றிய ஆய்வறிக்கை 2021 செப்டம்பரில் வெளிவந்தது. எழுதியவர் யார்? விண்டர்போர்ன் வியூவை ஆய்ந்த அதே மார்கரெட் ஃப்ளின் அம்மையார்தாம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரே கை ஒரே வகைக் குறைகளை மீண்டும் எழுத நேர்ந்தது என்றால், பாடம் கற்றவர் யார்? அறிக்கை எழுதியவர் ஒருவரைத் தவிர வேறு எவரையும் நம்மால் சுட்ட இயலவில்லை.

தவணை மேல் தவணை

'இனி நிகழாது' என்ற மூன்றாம் வாக்கியத்தின் வரலாறு இன்னும் வேதனையானது.

விண்டர்போர்னுக்குப் பின், 2012 டிசம்பரில், பிரிட்டிஷ் அரசு ஓர் உறுதி கொடுத்தது. தேவையின்றி மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருக்கும் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் அனைவரும் 2014 ஜூன் முதல் நாளுக்குள் மக்களிடையே வாழ அனுப்பப்படுவர் என்றது. அந்த நாள் வந்தது, போயிற்று. 2015இல் புதிய திட்டம் அறிவித்தார்கள். 2019 மார்ச்சுக்குள் படுக்கைகளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல், இயன்றால் பாதியளவு, குறைப்பதாகச் சொன்னார்கள். அதுவும் போயிற்று. 2024 மார்ச் என்று மூன்றாம் தவணை குறித்தார்கள். அத்தவணை முடிந்தபோது, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உடையவர்கள் ஏறத்தாழ 2,000 பேர் இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில் இன்னும் இருந்தனர்.

கடன்காரன் மூன்று முறை தவணை தவறினால் ஊரார் அவனுக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அரசுகளுக்கு அந்தப் பெயரை வைக்க நாம் ஏன் தயங்குகிறோம்? கடன் கொடுத்தவர்கள் வாய் பேசாதவர்கள் என்பதாலா?

ஓசையில்லாத மரணங்கள்

அடிப்பதும் உதைப்பதும் படத்தில் பதிவாகும், நாடு கொதிக்கும். பதிவாகாத தீமைகளே தொகையில் மிகுதி என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் அரசு நிறுவனம் ஒன்று நடத்திய நிலையத்தில் 2013 ஜூலை 4 அன்று, வலிப்பு நோய் உள்ள 18 வயது இளைஞர் ஒருவர் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். வலிப்பு உடையவரைத் தொட்டியில் தனியே விடலாகாது என்பது எவருக்கும் தெரிந்த பாதுகாப்பு. அவரை எவரும் அடிக்கவில்லை. எவரும் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. புறக்கணிப்பும் அம்மரணத்துக்குக் காரணம் என்று 2015இல் விசாரணை முடிவு கூறிற்று. அவருடைய குடும்பத்தார் தளராமல் போராடியதன் விளைவாக, அந்நிறுவனத்தின் கீழ் நான்கு ஆண்டுகளில் நேர்ந்த மரணங்கள் ஆராயப்பட்டன. அறிவுசார் குறைபாடு உடையவர்கள் எதிர்பாராமல் இறந்தவற்றுள் நூற்றில் ஒன்றளவே விசாரிக்கப்பட்டிருந்தது. மனநோயாளர்களாக இருந்த மற்றவர்கள் விஷயத்தில் அது நூற்றுக்கு முப்பது! இறந்த பின்னரும் இவர்களுக்கு ஏற்றத்தாழ்வு தீரவில்லை.

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர். குறைபாடே உயிரைக் குடிக்கிறது என்று எண்ணிவிடலாகாது. உணவு மூச்சுக்குழலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறுவதை உரிய நேரத்தில் அறியாமை, கவனியாமல் விட்ட மலச்சிக்கல், கட்டுப்படுத்தாத வலிப்பு ஆகியன இவர்கள் உயிரை வாங்குகின்றன. வயிற்றுவலியால் துடிப்பவர் 'வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதுகிறார். 'முரட்டுத்தனம்' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். 2015இல் அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டபடி, இத்தகையோரில் 30,000 முதல் 35,000 பேர் வரை, மாத்திரைக்குரிய மனநோய் ஏதும் இல்லாமலே மனநோய் மாத்திரைகளை உட்கொண்டு வந்தனர். சங்கிலி இரும்பினால்தான் செய்யப்பட வேண்டும் என்பதில்லை.

தரம் என்று நாம் சொல்வது இதையே. சுவருக்கு வெள்ளையடிப்பதும், தரையில் ஓடு பதிப்பதும், வாயிலில் பூந்தொட்டி வைப்பதும் தரமாகா. இவர் எப்படி மெல்லுகிறார், எப்படி விழுங்குகிறார், வலித்தால் என்ன செய்கிறார், எந்த ஓசைக்கு அஞ்சுகிறார், எவரைக் கண்டால் முகம் மலர்கிறார் என்பதை அறிந்த மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பதே தரம்; அதுவே பாதுகாப்பு.

சாக்குகளும் மறுமொழியும்

நமக்கு மறுமொழி சொல்பவர்கள் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

'பெரிய நிலையங்களை மூடி, சிறு வீடுகளாக்கினால் போதுமே' என்பர் சிலர். வேண்டியதுதான். ஈலி அறிக்கையால் நாணமடைந்த வேல்ஸ், இவர்களும் ஊராரைப் போல இயல்பான வாழ்வு வாழ உரியவர்கள் என்ற கொள்கையை 1983இல் வகுத்து, சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை அமைக்கத் தொடங்கியது. ஈலி மருத்துவமனையும் 1996இல் மூடப்பட்டது. இது பெரிய வெற்றி, நாம் மறுக்கவில்லை. ஆனால் வீடு சிறிதானால் மட்டும் போதாது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 2006இல் வெளியான விசாரணை, சிறு வீடுகளில் வைத்துப் பராமரிக்கப்பட்டவர்களைப் பற்றியும் பேசிற்று. அங்கே ஒருவர் நாளொன்றுக்கு 16 மணி நேரம் கட்டிலிலோ சக்கர நாற்காலியிலோ கட்டி வைக்கப்பட்டிருந்தார். அது அவருடைய நன்மைக்கே என்று பணியாளர்கள் நம்பியிருந்தனர். கதவு பூட்டியிருந்தால் மாளிகையும் ஒன்றுதான், குடிசையும் ஒன்றுதான்.

'பணியாளர்களைத் திருத்துங்கள்' என்பர் வேறு சிலர். திருத்தத்தான் வேண்டும். விண்டர்போர்னில் பன்னிரண்டு மணி நேரப் பணி. அடிக்கடி ஆள் மாற்றம். பயிற்சி என்று கொடுத்ததும் பெரும்பாலும் ஆளைப் பிடித்து அடக்கும் பயிற்சியே. ஒருவனுக்கு அடக்குவதை மட்டும் கற்பித்து, அரைகுறைக் கூலி கொடுத்து, பன்னிரண்டு மணி நேரம் அடைத்து வைத்தால் அவனிடம் அன்பை எதிர்பார்ப்பது எங்ஙனம்? வாரம் 3,500 பவுன் வாங்கியவர்கள் அதில் எவ்வளவைப் பணியாளருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை நாம் கேட்காமலிருக்க முடியாது. அந்தப் பணியாளரின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. முதலாளியின் குற்றம் இதனால் கூடும்.

'அவர்கள் கட்டுக்கடங்காதவர்கள், வேறு வழியில்லை' என்பது மூன்றாவது சாக்கு. இதுவே மிகவும் கொடியது. வீட்டிலிருந்து நூறு மைல் அப்பால் கொண்டுபோய், தாய் முகம் காட்டாமல், பகல் முழுதும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், அறியாத மனிதர்களிடம் ஒப்படைத்தால் நம்மில் எவர்தாம் கட்டுக்கு அடங்குவர்? நாம் கதவை உடைப்போம். அதற்குப் பெயர் தன்மானம். அவர் உடைத்தால் அதற்குப் பெயர் நோய்!

நம் வாயிலிலும்

இதுவெல்லாம் மேலை நாட்டுச் செய்தி என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பூட்டிய கதவு என்ன செய்யும் என்பதைத் தமிழகமும் கண்டிருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளர்களை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்கள் மனநோயாளர்கள், அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு என்று நாமே மேலே சொன்னோம். ஆயினும் தம் வாயால் முறையிட முடியாதவர்களை ஓரிடத்தில் அடைத்து, பார்வையிலிருந்து அகற்றி, மறந்துவிடும் வழக்கம் இரண்டுக்கும் பொது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்தது.

ஏர்வாடிக்குத் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நம்பிக்கையினால் வந்தார்கள், வேறு போக்கிடம் இல்லாமல் வந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையைச் சிலர் வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். அந்தக் கொட்டகைகளின் வழியே நாள்தோறும் மக்கள் நடந்தார்கள், சங்கிலி ஓசையைக் கேட்டார்கள், கடந்து போனார்கள். நம்மிடையே 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று அதன் பொருள். காசையும் நகையையும் அமானிதமாக வாங்கியவன் ஒரு குன்றிமணி குறையாமல் திருப்பித் தரவேண்டும் என்று அறிந்த நாம், ஒப்படைக்கப்பட்ட மனிதனுக்குக் கணக்குக் கேட்கத் தவறினோம்.

சட்டத்தில் குறை சொல்ல இன்று பெரிதும் இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. பதிவுச் சான்றின்றி எவரும் அவர்களுக்கான நிறுவனம் நடத்தலாகாது என்கிறது. அவர்கள் சமுதாயத்தினிடையே வாழ உரிமை உடையவர்கள், இன்ன இடத்தில்தான் வாழவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. பெற்றோருக்குப் பின் காப்பாளரை நியமிப்பதற்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் வோர்ல்ட்டன் ஹாலிடமும் பதிவு இருந்தது; 'நன்று' என்ற மதிப்பும் இருந்தது. சான்றிதழ் வாங்குவதோடு கடமை முடிந்துவிட்டது என்று நாமும் கருதினால், பிரிட்டன் அறுபது ஆண்டுகளாக நடந்த அதே வட்டத்தில் நாமும் நடக்கத் தொடங்குவோம்.

நாம் கோருவன

எனவே, ஓர் இல்லம் நல்லதா என்று அறிய விரும்பும் எவரும், அரசாயினும் பெற்றோராயினும் நன்கொடையாளராயினும், சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்கிறோம்.

முன்னறிவிப்பின்றி உள்ளே செல்ல முடியுமா? படுக்கை அறை வரை, குளியலறை வரை, சமையற்கட்டு வரை? 'இப்போது நேரமில்லை, நாளை வாருங்கள்' என்ற மறுமொழி கிடைத்தால் அந்த இல்லத்தைப் பற்றி வேறொன்றும் அறிய வேண்டியதில்லை.

அங்கிருப்பவர் வாரத்தில் எத்தனை முறை வெளியே வருகிறார்? சந்தைக்கு, பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ, திருமண வீட்டுக்கு, வேலைக்கு? அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள், கூலி வாங்காதவர்கள், இல்லத்துக்கு வெளியே எத்தனை பேர்? நம் கருத்தில் பாதுகாப்புக்கு இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. பலர் அறிந்த முகத்தில் காயம் ஏற்பட்டால் பலர் கேட்பார்கள்.

அவர் பேசினால், அல்லது பேச்சின்றி முகத்தால், கையால், அழுகையால் சொன்னால், அதைக் கேட்டு எழுதி வைப்பவர் யார்? 'இவனுக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடுகிறார்களா? குற்றம் கண்டு சொல்லும் பணியாளருக்கு என்ன நேர்கிறது? அவருக்குப் பாராட்டா, பணிநீக்கமா?

பராமரிப்பவர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்? ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் எவரும் எவரையும் அறியார். அவர் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் பெறுகிறாரா?

மரணம் நேர்ந்தால் விசாரிக்கிறார்களா? விசாரிப்பவர் அந்த இல்லத்தைச் சாராதவரா?

இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஆணையம் வேண்டா, பட்டம் வேண்டா, நேரம் ஒதுக்கும் மனம் வேண்டும். ஊரிலுள்ள இல்லங்களுக்குப் பெருநாளிலும் பிறந்த நாளிலும் உணவுப் பொட்டலம் கொண்டு போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். கொடுத்துவிட்டு வாயிலோடு திரும்பி வருகிறார்கள். அந்தப் பொட்டலத்தைவிட அவர்கள் உள்ளே சென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய கொடை. அடுத்த வாரமும் போக வேண்டும். அதற்கு அடுத்த வாரமும் போக வேண்டும். சென்ற வாரம் பார்த்தவர் இந்த வாரம் ஏன் காணவில்லை என்று கேட்கவேண்டும். விண்டர்போர்ன் வியூவில் வாரந்தோறும் மேல்மாடிக்குச் சென்று அவ்வாறு கேட்கும் அயலார் பத்துப் பேர் இருந்திருந்தால், மறைத்து வைத்த படக்கருவிக்கு அங்கே வேலை இருந்திராது.

அரசுக்கும் ஒன்று சொல்கிறோம். தவறு நடந்த பின் பணியாளரைச் சிறைக்கு அனுப்புவது நீதியின் கடைசிப் பகுதி. அந்த இல்லத்துக்குப் பணம் கொடுத்தவர், பதிவு கொடுத்தவர், முறையீட்டைப் பெற்றும் கோப்பில் போட்டு மூடியவர் ஆகியோரும் கூண்டில் நிற்கும் நாள் வரும்வரை, அந்த மூன்று வாக்கியங்களும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அவற்றை இனியும் கேட்டுத் தலையாட்ட நாம் ஆயத்தமாக இல்லை.